திருகோணமலையில் வீடு வாங்கும்போதும் விற்கும்போதும்: மலசலகூடக் குழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள், சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் ஊற்றியும் பார்ப்பார்கள். "குழி எங்கே?" என்று கேட்பவர் மிகக் குறைவு. எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளின் கழிவு அந்தந்த வளவுக்குள்ளேயே நிலத்தில் இறங்குகிறது. கிணறும் அதே வளவில், இல்லாவிட்டால் அடுத்த வளவில் இருக்கிறது. உறவினர், அயலவர் என்று பலருக்கு வீடு பார்க்கக் கூடப் போய்வந்ததில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

உறுதி எழுத முன் குழிக்கென்று ஏதாவது சான்றிதழ் சட்டப்படி வேண்டுமா?

வேண்டாம். நொத்தாரிசு தோம்பைப் பார்ப்பார், நில அளவை வரைபடத்தைப் பார்ப்பார், சபையிடமிருந்து வீதிக்கோட்டுச் சான்றிதழும் வரி கட்டிய பற்றுச்சீட்டும் கேட்பார். குழியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். வாங்குபவர் கேட்டால்தான் உண்டு.

ஆனால் குழிக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு அனுமதி பெற்ற வரைபடத்தில் தாங்கியும், அதிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் ஊறல் குழியும் எங்கே வரும் என்று குறித்திருக்க வேண்டும். 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கட்டி முடித்த பின் சபை தருகிற இணக்கச் சான்றிதழ் இல்லாமல் வீட்டில் குடியேறக்கூடாது. நம்மவர் அதை சீ.ஓ.சி என்பார்கள். வங்கிக் கடன் எடுத்து வாங்குபவரிடம் வங்கியும் அதைக் கேட்கும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அனுமதி பெற்ற வரைபடம், சீ.ஓ.சி இரண்டும்தான். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடவுங்கள். பின்பக்கம் மேற்கு மூலை என்று வரைந்த குழி முன்வாசலுக்குக் கீழே இருந்தால், அனுமதி ஒன்று, கட்டியது வேறொன்று என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பொஸ்டனில் இருக்கும் மகள் "குழிப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் காசு அனுப்ப மாட்டேன்" என்கிறாள். இங்கே அப்படி ஒன்று எடுக்கலாமா?

மகள் கேட்பதில் பிழை இல்லை. அவர் இருக்கும் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் "டைட்டில் 5" என்ற விதியின் கீழ், செப்டிக் உள்ள வீட்டை விற்பதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும், ஓடைக்கோ ஆற்றுக்கோ நேராகக் கழிவு விடும் செப்டிக் தாங்கிகளை 2020 ஜனவரி 1 க்குள் மாற்ற வேண்டும், அதற்கு முன் வீடு கைமாறினால் அப்போதே மாற்ற வேண்டும் என்று விதி வந்தது. அங்கே வாழ்ந்து பழகியவர்களுக்கு அறிக்கை இல்லாத கொள்வனவு விசித்திரமாகத்தான் தெரியும்.

இங்கே அந்தப் பெயரில் ஒரு அறிக்கை இல்லை. அனுபவமுள்ள மேசன் ஒருவரையோ கட்டடத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரையோ கூட்டிப்போய்க் குழியைத் திறந்து பார்த்து, அளவுகளை ஒரு தாளில் எழுதி, படமெடுத்து அனுப்புங்கள். நாடா பிடித்திருக்கும் படமும் இருந்தால் மகளுக்கு அதுவே போதும். கிணற்றுத் தண்ணீர் சந்தேகமாக இருந்தால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது பி.எச்.ஐயிடம், பேசலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது செப்டிக்கா, வெறும் குழியா? எப்படித் தெரிந்துகொள்வது?

பேச்சில் எல்லாவற்றையும் "குழி" என்றே சொல்கிறோம். உள்ளே இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, கொங்கிறீற்று வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மேலே மூடி போட்டது. அடி திறந்தே இருக்கும். மலமும் நீரும் நேராக மண்ணுக்குள் போகும். பழைய வீடுகளிலும், அவசரமாகக் கட்டிய வீடுகளிலும் இதைத்தான் அதிகம் காண்கிறேன்.

மற்றது உண்மையான செப்டிக். அடியும் சுவரும் பூசிய, நீர் கசியாத தாங்கி. பெரும்பாலும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். கனமானது அடியில் வண்டலாகப் படியும், எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கும். இடையில் உள்ள தெளிந்த நீர் மட்டும் 'ரீ' வடிவப் பைப் வழியாக வெளியேறி ஊறல் குழிக்குப் போகும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். அப்படி வெளியேறும் நீரும் சுத்தமானது என்று நினைக்கக்கூடாது. கிருமி அதில் நிறைய இருக்கும். மீதி வேலையை ஊறல் குழியைச் சுற்றியுள்ள மண்தான் செய்கிறது.

ஆகவே மூடியைத் திறந்தால் எண்ணிப் பாருங்கள். ஒரே மூடி, வட்டமான வாய், உள்ளே வளையத்தின் விளிம்பு என்றால் அது வெறும் குழி. நீள்சதுரமாக இரண்டு மூடியும், கொஞ்சம் தள்ளி இன்னொரு மூடியும் இருந்தால் செப்டிக்காக இருக்கலாம். உள்ளே 'ரீ' பைப் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். விற்பவர் "செப்டிக் போட்டிருக்கு" என்று சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு விலை பேச வேண்டாம். பலர் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது.

வீடு பல வருடம் பூட்டிக் கிடந்தது. குழி எங்கே என்று சொல்ல ஆளில்லை. என்ன செய்வது?

இடம்பெயர்ந்து போனவர்களின் வீடுகளிலும் வெளிநாட்டிலிருந்து அற்றோணி கொடுத்து விற்கப்படும் வீடுகளிலும் இதுதான் நிலை. கொமட் இருக்கும் சுவரின் வெளிப்பக்கம் போய் நில்லுங்கள். அங்கிருந்து பைப் எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். காற்றுப் பைப் நிமிர்ந்து நின்றால் தாங்கி பக்கத்தில் இருக்கிறது. மண் மூடியிருந்தால் அலவாங்கால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள், வெற்றிடத்தின் மேல் சத்தம் மாறும். அப்புறம் ஒரு எச்சரிக்கை. பழைய மூடியின் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து உக்கியிருக்கும். அதன்மேல் ஏறி நிற்க வேண்டாம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

கிணற்றுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்?

50 அடி தொடக்கம் 60 அடி. அதாவது 15 முதல் 18 மீற்றர். செப்டிக் தாங்கிகளுக்கான இலங்கைத் தர நிர்ணயம் எஸ்.எல்.எஸ் 745, அதைக் கேட்டுக் கட்டுபவர்கள் 60 அடியை வைத்துக்கொள்வார்கள். இந்தத் தூரம் உங்கள் கிணற்றுக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்து வீட்டுக் கிணறு, பின்வளவுக் கிணறு எல்லாவற்றுக்கும் இதே அளவுதான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பேர்ச்சஸ் காணி 2,722 சதுர அடி. 40 அடி அகலம் என்றால் நீளம் 68 அடிதான். அதற்குள் வீடு, முன்வாசல், கிணறு, குழி. கிணறு முன் மூலையிலும் குழி எதிர்ப்பக்கப் பின்மூலையிலும் இருந்தால் மட்டுமே தூரம் கிடைக்கும். ஆனால் நீங்கள் பின்மூலையில் தோண்டிய குழிக்கு மதிலுக்கு அப்பால் இன்னொருவரின் கிணறு 12 அடியில் இருக்கலாம். மதிலுக்கு மேலால் எட்டிப் பாருங்கள். நான் வீடு பார்க்கப் போனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடுதான் முதலில் கதைப்பேன். "உங்கட கிணறு எங்க இருக்கு?" என்று கேட்டால், எந்த மாதம் தண்ணீர் மணக்கும் என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

தூரம் மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்கம் எல்லாம் மணல். மணலில் நீர் வேகமாக ஓடும், வடிகட்ட நேரமே கிடைக்காது. மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். குழியின் அடிக்கும் அந்த நீருக்கும் இடையில் காய்ந்த மண் இருந்தால்தான் கிருமி அங்கே தங்கி அழியும். அந்தக் காய்ந்த மண் இல்லாமல் போனால் குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில், உறவினர் ஒருவர் வாங்க நினைத்த உப்புவெளி வீட்டுக்குப் போனோம். நல்ல வீடு, புதுப் பூச்சு. கிணற்றுக் கட்டில் நின்று கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். நில மட்டத்திலிருந்து இரண்டரை அடியில் கல் நனைந்தது. கயிற்றில் அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு மேசன் அலவாங்கைக் கொடுத்து குழி மூடியை ஒரு பக்கமாக நெம்பினார். மூடியின் அடியில் கரப்பான்கள், அதற்குக் கீழே தேயிலைச் சாயம் போல அசையாத தண்ணீர். வேறொரு கயிற்றை இறக்கி அதிலும் முடிச்சுப் போட்டு, இரண்டு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். இரண்டு முடிச்சுக்கும் நான்கு விரல் வித்தியாசம் இல்லை. நாடா வைத்து அளந்தால் கிணற்றுக்கும் குழிக்கும் 22 அடி. அந்த வீட்டம்மா எங்களுக்குத் தேநீர் ஊற்றியது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். அவருக்கு எதுவும் தெரியாது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் வீட்டை வாங்கினார்கள். பழைய குழியை மூடி, எதிர்மூலையில் உயரமாக வேறு அமைப்புக் கட்டும் செலவை விலையில் கழித்துத்தான் வாங்கினார்கள்.

வீடு பார்க்க நல்ல மாதம் எது?

கார்த்திகை, மார்கழி, தை. வாடை மழையில் நிலம் நிறைந்திருக்கும்போது வேலை செய்கிற குழி ஆடியிலும் வேலை செய்யும். கோடையில்தான் போக முடியும் என்றால் குழியின் உள்சுவரில் முன்பு நீர் நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மூடிக்கு அருகில் வரை கறை ஏறியிருந்தால் மாரியில் அது நிரம்பி வழிந்திருக்கிறது.

உவர்மலை போன்ற பாறை நிலத்தில் இந்தப் பிரச்சினை இல்லைதானே?

வேறு பிரச்சினை. பாறை உறிஞ்சாது. ஊறல் குழியில் விட்ட நீர் பாறை வெடிப்பு வழியாகச் சரிவில் இறங்கி, கீழே இருப்பவரின் மதிலடியில் ஈரமாகக் கசியும். மேட்டில் வீடு வாங்குபவர் கீழே போய் மதிலைப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் வாங்குபவர் மேலே யாருடைய குழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குழாய் நீர் இருக்கிறது, கிணறே பாவிப்பதில்லை. அப்போதும் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். நகரத்துக்குக் கந்தளாய்க் குளத்து நீர் வருகிறது, நல்ல விஷயம். ஆனால் பக்கத்து வீட்டில் கிணறு பாவிக்கலாம். குழாய் வராத நாளில் நீங்களும் வாளியோடு கிணற்றடிக்குத்தான் போவீர்கள்.

திறந்த பிறகு எப்படிச் சோதிப்பது?

பகலில், இரண்டு பேர் நின்று திறவுங்கள். மூடியைத் திறந்தவுடன் குனிந்து பார்க்காமல் சற்று நேரம் விலகி நில்லுங்கள். பீடி, தீப்பெட்டி, மெழுகுதிரி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. உள்ளே மெதேன் தீப்பிடிக்கும், ஐதரசன் சல்பைட்டு ஆளைச் சில மூச்சில் மயக்கிவிடும். எந்தக் காரணத்துக்கும் யாரையும் உள்ளே இறக்க வேண்டாம். ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் பின்னால் குதிப்பவரும் சேர்ந்து இறப்பதுதான் இந்த விபத்துகளில் நடக்கிறது. விளக்கும் நாடாவும் கயிறும் உள்ளே போனால் போதும்.

முதலில் நீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் எல்லாக் குழாயையும் அரை மணித்தியாலம் திறந்துவிட்டு, கொமட்டில் ஐந்தாறு தரம் தண்ணீர் ஊற்றுங்கள். செப்டிக் தாங்கி எப்போதும் வெளியேறும் பைப்பின் மட்டம் வரை நிறைந்துதான் இருக்கும், அது குறையல்ல. தண்ணீர் விட்டதும் அதற்கு மேலே ஏறி இறங்காமல் நின்றால்தான் ஊறல் குழி அடைத்திருக்கிறது. மாறாகத் தாங்கியில் நீர் பைப்புக்கு வெகு கீழே நின்றால், அண்மையில் பவுசரால் கழிவை இழுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அடி வெடித்து மண்ணுக்குள் கசிகிறது. சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது, மதிலுக்கு வெளியே வீதிக் கானுக்குள் ஏதாவது பைப் வாய் தெரிகிறதா என்றும் பாருங்கள். குழி நிரம்புவதைத் தவிர்க்க இரகசியமாகக் கானுக்குத் திருப்பிய வீடுகளைக் கண்டிருக்கிறேன். அதன் பழி புதிய உரிமையாளரின் தலையில்தான் விழும்.

நான் விற்பவன். ஆட்கள் பார்க்க வரமுன் பவுசரைக் கூப்பிட்டு இழுத்துவிடலாமா?

நிரம்பியிருந்தால் இழுக்கத்தான் வேண்டும். ஆனால் மறைக்கவென்று இழுக்க வேண்டாம். நேற்று இழுத்த குழி எந்தச் சோதனையிலும் நன்றாகவே நடக்கும், இரண்டு மாதத்தில் உண்மை வெளியே வரும். எந்தத் திகதியில் இழுத்தீர்கள் என்று சொல்லி, கலி பவுசருக்குக் கட்டிய பற்றுச்சீட்டையும் காட்டுங்கள். அதைப் பார்க்கும் வாங்குபவருக்கு மற்ற விஷயங்களிலும் உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

சட்டமும் உண்டு. இங்கே காணி விற்பனைக்கு அடிப்படையாக இருக்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று இருந்தால் வாங்கியவர் விலைக் குறைப்புக் கேட்கலாம். குறை பாரதூரமானது என்றால் விற்பனையையே முறிக்கக் கேட்கலாம். தெரிந்துகொண்டே மறைத்தவரின் நிலை இன்னும் மோசம். ஒரு குறையைச் சொல்லி ஐம்பதினாயிரம் குறைத்து விற்பது, நீதிமன்றப் படி ஏறுவதைவிட எவ்வளவோ மேல்.

"உறுதி முடிந்ததும் குழியைச் சரிசெய்து தருகிறேன்" என்று விற்பவர் வாயால் சொல்கிறார். நம்பலாமா?

நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஆகவே விற்பனை உடன்படிக்கை எழுதும்போதே குழி வேலையை யார், எந்தத் திகதிக்குள், எந்த இடத்தில், யார் செலவில் செய்வது என்று ஒரு வாசகம் போடச் சொல்லுங்கள். வேலை முடியும் வரை விலையில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கவும் அதிலேயே எழுதலாம்.

அம்மாவின் வளவில் அக்காவுக்கும் எனக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் குழி ஒன்று, அது அக்கா பக்கம். என் வீட்டை விற்கலாமா?

இந்தக் கேள்வி எங்கள் பகுதியில் மிக அதிகம். ஒரு வளவு, இரண்டு மூன்று மகள்மார், ஒரு கிணறு, ஒரு குழி. சகோதரிகள் இருக்கும் வரை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒருவர் விற்று வெளியார் வந்தவுடன் பைப் அறுபடும், மதில் எழும்பும், பொலிசுக்குப் போவார்கள். பிள்ளைகள் முகம் பார்க்காமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

விற்கலாம். ஆனால் விற்பதற்கு முன் உங்கள் பங்குக்குள் தனிக் குழி ஒன்று கட்டிவிடுங்கள். இடம் இருந்தால் இதுதான் ஒரே நல்ல வழி. இடமே இல்லாவிட்டால், அக்கா காணிக்கூடாகப் பைப் போவதற்கும் குழியைப் பாவிப்பதற்கும் உள்ள உரிமையை, துப்புரவுச் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதோடு சேர்த்து, நொத்தாரிசு உறுதியில் எழுதிப் பதிய வேண்டும். வரைபடத்தில் பைப் போகும் பாதையை நில அளவையாளர் குறித்துத் தரட்டும். அக்காவிடம் முதலில் நீங்களே போய்ப் பேசுங்கள், தரகரை அனுப்ப வேண்டாம். கிணற்றுப் பங்குக்கும் இதே வேலைதான்.

கடலோரக் காணியில் புதிதாகக் குழி தோண்ட முடியுமா?

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டட வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், சபையின் அனுமதி மட்டும் போதாது. காணி வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

வாங்கிய வீட்டை விருந்தினர் விடுதியாக்க யோசனை. பழைய தாங்கி போதுமா?

அநேகமாகப் போதாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லீற்றர் என்று வைத்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு 600 லீற்றர். நீர் ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும், அடியில் சில வருட வண்டலுக்கும் இடம் வேண்டும். உள்ளே 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி நீர் ஆழம் என்றால் ஏறக்குறைய 2,000 லீற்றர், அது குடும்பத்துக்குச் சரி. நான்கு அறையில் பத்துப் பேர் வந்து, கடலில் குளித்துவிட்டு நன்னீரிலும் குளித்தால் தெளியாத கழிவு நேராக ஊறல் குழிக்கு ஓடி அதை அடைத்துவிடும். விடுதிக்குத் தனியாக வரைபடம் போட்டு அனுமதி எடுங்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒருக்கா இழுக்க வேண்டும்?

செப்டிக் என்றால் மூன்று முதல் ஐந்து வருடம். வண்டலும் மேலாடையும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு ஆனால் நேரம் வந்துவிட்டது. முழுவதும் கழுவித் துடைக்க வேண்டாம், கொஞ்சம் வண்டல் மிஞ்சட்டும். சபையின் பவுசரையே கேளுங்கள். தனியாரைப் பிடித்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று கேளுங்கள்.

குடியேறிவிட்டோம். இப்போதுதான் கிணறு குழிக்குப் பக்கம் என்று தெரிகிறது. வீட்டில் கைக்குழந்தை வேறு.

இன்றிலிருந்து குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். தண்ணீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கக் கொடுங்கள். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். முடிவு கைக்கு வரும் வரை குழந்தையின் பாலுக்குக் குழாய் நீரையோ போத்தல் நீரையோ எடுங்கள், கிணற்றைக் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். குழியை மாற்றும் வேலையை மழை விட்டதும், மாசி பங்குனியில், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது தொடங்கலாம். அதற்குள் மேசனைக் கூட்டிவந்து, உங்கள் கிணற்றுக்கும் அயலவர் கிணறுகளுக்கும் 60 அடி வருகிற மூலை எது என்று நாடா பிடித்து முளை அடித்துவிடுங்கள்.